எங்களை எந்தப் பக்கம் போட்டிருப்பாங்க?

போன ஆடியில் என் அம்மாவைப் பெற்ற அம்மாயி கேட்ட ஒரு கேள்வி இன்னும் உள்ளே கிடந்து குடைந்துகொண்டே இருக்கிறது. பதில் தெரியாத கேள்வி என்றால் தேடிப் பார்த்துவிட்டு விட்டுவிடலாம். இதற்குப் பதில் எனக்குத் தெரியும். தெரிந்தும் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அதை எனக்கு நானே கேட்டுக்கொள்ளவில்லை. அதுதான் உறுத்தல்.

நீலகிரி மாவட்டக் கூடலூரில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு அரசியலமைப்பு எடுப்பது என் பிழைப்பு. ஏழாவது அட்டவணை, 356, சர்க்காரியா குழு எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாக வரும். கூட்டாட்சியைப் பற்றிப் பேச இந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் நின்றால் மூன்று மாநிலத்து பஸ்ஸும் ஒரே சேற்றைத் தெளித்துவிட்டுப் போகும். கக்கநல்லா தாண்டினால் கர்நாடகம், நாடுகாணி இறங்கினால் கேரளம். டீக்கடையில் ஒருவர் மலையாளத்தில் கேட்பார், கடைக்காரர் தமிழில் பதில் சொல்வார், பக்கத்தில் இருக்கும் படுகர் பெரியவர் இரண்டும் புரிந்து சிரிப்பார்.

2025 ஏப்ரலில் மாநில உரிமைகளை ஆராய நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் தமிழக அரசு ஒரு குழு அமைத்தது. அதையொட்டி எங்கள் ஊர் நண்பர்கள் சின்னதாக ஒரு கூட்டம் போட்டார்கள். முப்பது பேர் இருப்போம். ‘இன மத தேசியவாதங்களும் கூட்டாட்சியும்’ என்று எனக்கு ஒரு தலைப்பைக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்குப் பார்த்து அம்மாயியைக் கண் காட்டக் கூட்டி வந்திருந்தேன். வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வர நேரமில்லை. கண்ணில் விட்ட மருந்துக்கு வெளிச்சம் கூசுகிறது என்று முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில், மாத்திரைப் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன்.

குக்கர் விசில்

நான் பேசியது வகுப்பில் வழக்கமாகப் பேசுவதுதான். கூட்டாட்சி என்பது குக்கரில் இருக்கும் விசில் மாதிரி, ஆவி போக வழி விட்டால் குக்கர் வெடிக்காது என்று ஆரம்பிப்பேன். பிள்ளைகளுக்குப் பிடிக்கும், தேர்விலும் எழுதிவிட்டு வருவார்கள். முதல் உதாரணம் நம் வீட்டிலிருந்தே. 1962இல் மாநிலங்களவையில் நின்று திராவிட நாடு கேட்டவர் அண்ணா. 1963இல் பிரிவினைக்கு எதிரான பதினாறாவது திருத்தம் வந்தது, தி.மு.க. அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. நான்கே வருஷத்தில், 1967இல், அதே கட்சி கோட்டையில் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு மாநில உரிமைகளை ஆராய ராஜமன்னார் குழு, ‘மாநிலத்தில் சுயாட்சி, மத்தியில் கூட்டாட்சி’ என்ற முழக்கம், 1974இல் சட்டமன்றத் தீர்மானம். கேட்பவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஆனால் சட்டமன்றத்துக்குள் நின்று கேட்கிறார்கள்.

அடுத்தது மிசோரம். 1959இல் மூங்கில் பூத்து, எலி பெருகி, பஞ்சம் வந்து, அந்தப் பஞ்சத்தைத் தில்லியும் அன்றைய அசாம் தலைநகரான ஷில்லாங்கும் கண்டுகொள்ளாத கோபத்தில் கிளம்பிய இயக்கம் அது. 1966 மார்ச்சில் ஐஸ்வால் நகரத்தின் மேல் இந்திய விமானப்படையே குண்டு போட்டது. இருபது வருஷம் அந்தக் கிளர்ச்சியை நடத்திய லால்டெங்கா, 1986 ஒப்பந்தம் முடிந்ததும் முதலமைச்சர் ஆனார். 1987 பிப்ரவரி 20 அன்று மிசோரம் தனி மாநிலம். குண்டு போட்டவர்களும் குண்டு வாங்கியவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தது உலகத்தில் அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

பஞ்சாபை வேகமாகக் கடந்தேன். மதத்தின் பேரில் மாநிலம் கிடையாது என்று தில்லி பிடிவாதமாக நின்றதும், அதே கோரிக்கை மொழியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்ததும் 1966இல் கொடுத்ததும், பின்னால் மாநில அரசுகளோடு தில்லி விளையாடிய விளையாட்டு எண்பதுகளில் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு முக்கியம் கடைசி உதாரணம். இலங்கை. 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம். 1957 ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் போட்ட ஒப்பந்தம். தனிநாடு இல்லை, முழுக் கூட்டாட்சிகூட இல்லை, வெறும் பிராந்திய சபைகள்தான். அதையும் 1958இல் பிக்குகள் பிரதமர் வீட்டு வாசலில் உட்கார்ந்ததும் பண்டாரநாயக்கா கிழித்துப் போட்டார். அடுத்து வந்ததெல்லாம் ரத்தம். ‘செல்வநாயகம் கேட்டதை அன்றைக்குக் கொடுத்திருந்தால் இத்தனை சாவு விழுந்திருக்காது’ என்று முடித்தேன். கைதட்டினார்கள். எனக்கும் நன்றாகப் பேசியதாகத்தான் இருந்தது.

ராத்திரி வீட்டில் கரண்ட் இல்லை. தேவாலா மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, தகரத்தின் மேல் யாரோ சரளைக்கல் கொட்டுகிற மாதிரி. அம்மாயி சாயத்தண்ணி, அதாவது பாலில்லாத டீ போட்டிருந்தாள். சீனியை டம்ளரில் போட மாட்டாள். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஒரு நக்கு நக்கி ஒரு மிடறு குடிப்பாள். இலங்கையில் தலவாக்கலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பழகிய பழக்கம். ஐம்பது வருஷமாக நீலகிரியில் இருந்தும் அது மாறவில்லை.

“ஏந் தம்பி, அந்தச் செல்வநாயகம் ஐயா கேட்டதக் குடுத்திருந்தா சண்டையே வந்திருக்காதுன்னு சொன்னியே.”

“ஆமா அம்மாயி.”

“குடுத்திருந்தா எங்கள எந்தப் பக்கம் போட்டிருப்பாங்க?”

“வடக்கு கிழக்குதானே தமிழ்ப் பகுதி...” என்று ஆரம்பித்தவன் அங்கேயே நின்றுவிட்டேன். அவளே முடித்தாள். “தலவாக்கல வடக்குலயும் இல்ல, கெழக்குலயும் இல்ல. நடுவுல இருக்கு.” சொல்லிவிட்டுக் கையில் ஒட்டியிருந்த சீனியை நக்கினாள். கோபமெல்லாம் இல்லை. பெரட்டுக்களத்தில் தன் பேரைக் கூப்பிடவில்லையே என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்கிற குரல்.

டிரங்குப் பெட்டி

மறுநாள் அந்தப் பழைய டிரங்குப் பெட்டியை நானே இழுத்துப் போட்டுத் திறந்தேன். பூச்சி உருண்டை வாசனை. உள்ளே கொழுந்துக்கூடைக் கயிறு ஒன்று சுருட்டி வைத்திருந்தது. அதை ஏன் கப்பலேற்றிக் கொண்டு வந்தாள் என்று இதுவரை நான் கேட்டதில்லை. அதற்கடியில் பாஸ்போர்ட். ஒரு குடும்பத்துக்கே ஒரு படம். தாத்தா கடன் வாங்கிய கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறார், தோள் அளவு பெரிசு. அம்மாயி இடுப்பில் கைக்குழந்தையாக மாமா. முன்னால் என் அம்மா, ஆறு வயது, படம் எடுப்பவனைப் பார்க்காமல் பக்கத்தில் எதையோ பார்க்கிறாள். என்ன பார்த்தாய் என்று கேட்டால் இப்போதும் சொல்வாள், அந்த ஸ்டூடியோவில் ஒரு மரக்குதிரை இருந்ததாம். படத்துக்கு எதிர்ப்பக்கத்தில் சொந்த ஊர் என்று துறையூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பேர். அம்மாயி பிறந்தது தலவாக்கலையில், அவள் அப்பா பிறந்ததும் அங்கேதான். அந்தக் கிராமத்தை அவள் முதன்முதலில் பார்த்தது 1974இல், பாஸ்போர்ட்டில் எழுதியிருந்தபடி சொந்த ஊருக்குத் ‘திரும்பி’யபோது.

நான் வகுப்பில் ஒரு வரியில் தாண்டிப்போகும் விஷயங்களுக்கு அந்தப் பெட்டிக்குள் நாற்றமும் நிறமும் இருக்கிறது. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர்கள் ஓட்டுப் போட்டார்கள். அவர்கள் தலைவர் தொண்டமான் நுவரெலியாவிலிருந்து ஜெயித்துப் பாராளுமன்றம் போனார். 1948இல் குடியுரிமைச் சட்டம். 1949இல் இன்னும் இரண்டு சட்டம். ஒன்று, குடியுரிமை வேண்டுமானால் கல்யாணமானவர்கள் ஏழு வருஷம், ஆகாதவர்கள் பத்து வருஷம் இடைவிடாமல் இருந்ததற்கு அத்தாட்சி காட்டு என்றது. இன்னொன்று, குடியுரிமை இல்லாதவனுக்கு ஓட்டு இல்லை என்றது. 1952 தேர்தலில் மலையகத் தோட்டத் தமிழரில் ஒரு ஆள்கூட உள்ளே போகவில்லை. லயத்துக் காம்பராவில் பிறந்து லயத்திலேயே சாகிறவன் எந்தக் காகிதத்தை வைத்து அத்தாட்சி காட்டுவான்? அம்மாயியின் அப்பா மனுப் போட்டிருக்கிறார். நடுவில் ஒரு தடவை ஊருக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கியதைக் காட்டித் தள்ளிவிட்டார்களாம். “சோத்துக்கு இருந்துட்டு வந்தாரு, ஓட்டு போச்சு” என்பாள்.

இங்கேதான் எனக்குக் கசப்பான ஒரு முரண். செல்வநாயகம் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்ததே இந்த மலையக மக்களின் குடியுரிமையைப் பறித்த விவகாரத்தில்தான். 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது. ஆங்கிலத்தில் அதன் பேரே கூட்டாட்சிக் கட்சி. என் அம்மாயிக்கு நடந்த அநியாயத்துக்காகப் பிறந்த கட்சி. ஆனால் அது கேட்ட கூட்டாட்சிக்கு வரைபடம் போட்டபோது என் அம்மாயி படத்துக்கு வெளியே. குற்றம் என்று சொல்ல மாட்டேன். கூட்டாட்சி கேட்கிறவன் நிலம் காட்ட வேண்டும், அவர்களால் காட்ட முடிந்த நிலம் வடக்கும் கிழக்கும். நுவரெலியாவைச் சுற்றி நாலாபுறமும் சிங்களக் கிராமம்.

1957 ஒப்பந்தத்தை நான் எத்தனையோ தடவை பாடம் நடத்தியிருக்கிறேன். அன்றைக்கு ராத்திரி செல்போன் வெளிச்சத்தில் முதல்முறையாக அதைக் கடைசி வரைக்கும் படித்தேன். பிராந்திய சபைக்கு என்னென்ன அதிகாரம், குடியேற்றத் திட்டத்தில் யார் ஆளைத் தேர்ந்தெடுப்பது, வரி போடலாமா, கடன் வாங்கலாமா என்று பத்தி பத்தியாகப் போகிறது. அதிலேயே இந்திய வம்சாவளியினரின் குடியுரிமை பற்றித் தமிழரசுக் கட்சியினர் தங்கள் கருத்தை எடுத்துச் சொன்னார்கள், இது விரைவில் கவனிக்கப்படும் என்று பிரதமர் தெரிவித்தார் என்று ஒரு குறிப்பு. அவ்வளவுதான். நிலம் இருந்தவர்களுக்கு விதி விதியாக எழுதியிருந்தது. எங்களுக்கு ‘கவனிக்கப்படும்’.

கவனித்தார்கள். 1964 அக்டோபர் 30. பண்டாரநாயக்காவின் மனைவி சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று வைத்து, 1974இல் ஆளுக்குப் பாதியாக 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது அண்டா குண்டாவைக்கூட இதைவிடப் பார்த்துப் பிரிப்பார்கள். தோட்டத் தொழிலாளர் சங்கங்களை யாரும் கேட்கவில்லை. பிற்பாடு 1976இல் வட்டுக்கோட்டையில் தனி ஈழம் என்று தீர்மானம் போட்டபோது, தமிழர் விடுதலைக் கூட்டணியின் தலைவர்களில் ஒருவராக இருந்த தொண்டமான் ஒதுங்கிக்கொண்டார். அவரைத் துரோகி என்று திட்டுகிற மேடைகளைக் கேட்டிருக்கிறேன். ஒரு காலத்தில் நானும் தலையாட்டியிருக்கிறேன். தலவாக்கலையை எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாத வரைபடத்தில் அவர் எங்கே போய்க் கையெழுத்துப் போட்டிருப்பார்?

ஒரே கப்பல், இரண்டு மாநிலம்

அம்மாயி சொல்லும் கதையில் முதலில் கோச்சி வரும். ரயிலுக்கு அங்கே அதுதான் பேர். ஸ்டேஷனில் போகிறவர்களைவிட வழியனுப்ப வந்தவர்கள் அதிகம். கோச்சி நகர நகரக் கூடவே ஓடி வருவார்களாம். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல். ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாம். வெயில்தான் முதல் அதிர்ச்சி. “காலு சுட்டுச்சு. இந்தியான்னா இப்பிடித்தான் சுடும்னு நெனச்சேன்.” துறையூர்ப் பக்கத்துச் சொந்த ஊரில் மூன்று வாரம். பங்காளிகள் நல்லவர்கள்தான், ஆனால் நிலத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறார்களோ என்ற பயம் அவர்களுக்கு. நான்காவது வாரம் தாத்தா மலை ஏறிவிட்டார்.

கூட்டாட்சி வாத்தியார் என்ற முறையில் இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. வெளிநாட்டோடு ஒப்பந்தம் போடுவது மத்தியப் பட்டியல். நிலம் மாநிலப் பட்டியல். கையெழுத்து தில்லியில் விழுந்துவிட்டது, வந்து இறங்குகிறவர்களுக்கு இடம் தேடியது சென்னை. அப்படித்தான் 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் ஆரம்பித்து, 1976இல் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. சேரம்பாடி, சேரங்கோடு, நெல்லியாளம், கொளப்பள்ளி என்று வனத்துறை நிலத்தில் காட்டை வெட்டித் தேயிலை நட்டார்கள். எல்லோருக்கும் இங்கேயே இடம் காணாது என்று ஆந்திராவில் நூற்பாலை, கேரளத்தில் புனலூர் பக்கமும் கர்நாடகத்தில் சுள்ளியா பக்கமும் ரப்பர்.

அம்மாயியின் தங்கை, எனக்குச் சின்ன அம்மாயி, சுள்ளியா போனாள். ஒரே லயம், அடுத்தடுத்த காம்பரா, ஒரே கப்பல். ஒருத்தி கொழுந்து, இன்னொருத்தி ரப்பர் பால் வெட்டு. சின்ன அம்மாயியின் பேரன் கன்னடத்தில் படித்து மங்களூரில் வேலையில் இருக்கிறான். என்னிடம் பேசும்போது தமிழை யோசித்து யோசித்து எடுப்பான். 1991இல் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு வந்து பெங்களூரில் தமிழர்களை அடித்தபோது, இருநூறு மைலுக்கு அப்பால் இருந்த சின்ன அம்மாயி வீட்டில் மூன்று நாள் பஸ்ஸில் போகும்போது வாயைத் திறக்கவில்லையாம். ‘அங்க கள்ளத்தோணி, இங்க தமிழ்க்காரி, எங்கதான் நான் நானு’ என்று அக்காவுக்குக் கடிதம் எழுதியிருந்தாள்.

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அது சின்ன வித்தியாசம் இல்லை. கன்னடம் ஒரு எழுத்துத் தெரியாமல் சுள்ளியாவில் இறங்கிய சின்ன அம்மாயிக்குக் கொஞ்ச வருஷத்தில் ஓட்டு வந்துவிட்டது. அவள் கர்நாடகக் குடிமகள் இல்லை, அப்படி ஒன்றே இந்தியாவில் கிடையாது. தலவாக்கலையில் மூன்று தலைமுறை தேயிலைக்கு உரமாகியும் கிடைக்காதது, சுள்ளியாவில் ரேஷன் கார்டோடு சேர்ந்து வந்தது. கூட்டாட்சியைப் பற்றிப் பேசும்போது நாம் மாநிலங்களின் அதிகாரத்தையே பேசுகிறோம். அதற்கடியில் ஒற்றைக் குடியுரிமை என்று ஒரு தளம் போட்டு வைத்திருக்கிறார்கள். அதை வகுப்பில் ஒரு மதிப்பெண் கேள்வியாகத்தான் இதுவரை நடத்தியிருக்கிறேன்.

அந்தத் தளம் இருந்தும் ஓட்டை விழும். நான் கைதட்டு வாங்கிய மிசோரத்தையே எடுங்கள். மிசோக்களுக்கு மாநிலம் கிடைத்து, துப்பாக்கி ஓய்ந்து பத்து வருஷம். 1997இல் அதே மாநிலத்திலிருந்து புரு என்ற சிறுபான்மைப் பழங்குடி மக்கள் ஆயிரக்கணக்கில் திரிபுராவுக்கு ஓடினார்கள். அவர்களும் தங்களுக்கென்று ஒரு தன்னாட்சிப் பகுதி கேட்டதில் ஆரம்பித்த பகை அது. தில்லியிடம் ‘எங்களை நாங்களே ஆள விடு’ என்று இருபது வருஷம் சண்டை போட்டவர்களிடம் இவர்கள் அதையே கேட்டார்கள். இருபத்து மூன்று வருஷம் முகாமில் கிடந்து, 2020 ஜனவரியில்தான் திரிபுராவிலேயே குடியமர்த்த ஒப்பந்தம் ஆனது. குண்டு போட்டவர்களும் வாங்கியவர்களும் உட்கார்ந்த அந்த மேசையில் புரு மக்களுக்கு நாற்காலி போடவில்லை. இதை நான் வகுப்பில் சொன்னதே இல்லை. பாடத்திட்டத்தில் இல்லை என்பது சாக்கு. கதை கெட்டுவிடும் என்பதுதான் உண்மை.

நைஜீரியா இன்னும் விசித்திரம். 1967இல் கிழக்குப் பகுதி பியாஃப்ரா என்ற தனி நாடாகப் பிரியப் போகிறது என்று தெரிந்ததும் நான்கு பெரிய பிராந்தியங்களைப் பன்னிரண்டு மாநிலங்களாக உடைத்தார்கள். கிழக்கில் இக்போக்களுக்குக் கீழே இருந்த சின்ன இனங்களுக்கு அதில் தனி வீடு கிடைத்தது. கெட்டிக்கார வேலைதான். பிறகு பெருகிப் பெருகி 1996இல் முப்பத்தாறு மாநிலம். மாநிலம் பெருகப் பெருக ‘நீ இந்த மண்ணின் ஆளா, வந்தேறியா’ என்ற கேள்வியும் பெருகியது. பூர்வகுடிச் சான்றிதழ் என்று உள்ளாட்சியில் ஒரு காகிதம் வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் அரசு வேலை, கல்லூரி இடம் எல்லாம் கஷ்டம். ஜோஸ் நகரத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் ஹவுசா முஸ்லிம்களுக்கும் மண்ணின் மைந்தர்களான பெரோம் போன்ற கிறிஸ்தவ இனங்களுக்கும் நடந்த கொலைகளுக்குப் பின்னால் மதம் இருக்கிறது, அந்தக் காகிதமும் இருக்கிறது.

பூர்வகுடிச் சான்றிதழ் என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் கல்லூரியில் சேரும்போது ஒரு அலுவலகத்தில் சாதிச் சான்றிதழுக்கு நின்றிருக்கிறேன். பூர்வீகம் எது என்றார்கள். பந்தலூர் என்றேன். அப்பனோட பூர்வீகம் என்றார்கள். தலவாக்கலை என்றேன். அதுக்கு முன்னாடி என்றார்கள். நான்கு தடவை நடந்தேன். கடைசியில் அந்த டிரங்குப் பெட்டிப் பாஸ்போர்ட்டின் நகலைக் காட்டித்தான் வாங்கினேன், அதாவது அம்மாயி மூன்று வாரம் மட்டுமே இருந்த அந்தத் துறையூர்க் கிராமத்தைக் காட்டி.

ஊற்று

இதோடு நிறுத்தினால் நான் பாவப்பட்டவன் என்று எழுதி முடித்துவிடலாம். முடியவில்லை. என் வகுப்பில் பணியர் என்ற பழங்குடியைச் சேர்ந்த ஒரு பெண் படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தகம் கொடுக்கப் போனபோது அவள் தாத்தா வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். சிலோன் லைனா என்றார். ஆமாம். கையை நீட்டி எதிர்ச் சரிவைக் காட்டினார். பச்சைப் பசேலென்று கவ்வாத்து அடித்துத் துளிர்த்த தேயிலை. அந்தச் சரிவின் நடுவில் ஒரு ஊற்று இருந்தது, அதன் பக்கத்தில் எங்கள் தெய்வம் இருந்தது, தேயிலை வைக்கும்போது தெய்வத்தைத் தூக்கி இங்கே வைத்துக்கொண்டோம், ஊற்றைத் தூக்க முடியவில்லை என்றார். மலையாளம் கலந்த அவர் பேச்சில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இன்ன இடத்தில் இன்னது இருந்தது என்று வழி சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

நீலகிரியின் ஆறு பழங்குடிகளில் பணியரும் ஒருவர். வயநாட்டில் பரம்பரை பரம்பரையாகக் கொத்தடிமையாகக் கிடந்தவர்கள். கூடலூர் 1877இல் மலபார் வயநாட்டிலிருந்து நீலகிரியோடு சேர்ந்தபோது அவர்களை யாரும் கேட்கவில்லை. 1956இல் மலபார் கேரளத்துக்கும் கூடலூர் சென்னை மாநிலத்துக்கும் என்று கோடு விழுந்து, ஒரே குலத்தின் பாதி அந்தப் பக்கம் பாதி இந்தப் பக்கம் ஆனபோதும் கேட்கவில்லை. சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட கணக்கின்படி ஆட்கள் கிளம்பி வந்தபோது, அதில் ஒரு குடும்பம் வந்து அவர் ஊற்றின் மேல் நின்றது. எங்கள் குடும்பமாகவும் இருக்கலாம். 2022இல் டான்டீ 2,152 ஹெக்டேரை வனத்துறைக்கே திருப்பிக் கொடுப்பது என்று முடிவானபோது எங்கள் ஆட்கள் பதறினார்கள், வேலை போகும், வீடு போகும் என்று. நானும் அப்போது ஊர்க்காரர்களோடு போய் நின்றேன். இன்றைக்குக் கூப்பிட்டாலும் போவேன். ஆனால் அந்தச் சரிவைப் பார்க்காமல் அந்தக் கூட்டத்துக்குப் போக இனி என்னால் முடியாது.

கூட்டாட்சி வேண்டாம் என்று நான் கட்சி மாறிவிட்டதாக நண்பர் ஒருவர் கிண்டல் செய்தார். இல்லை. 1958இல் கிழித்துப் போட்ட அந்தக் காகிதம் கிழியாமல் இருந்திருந்தால் பல ஆயிரம் உயிர் மிஞ்சியிருக்கும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். தமிழ்நாட்டுக்கு இன்னும் அதிகாரம் வேண்டும், அதையும் விடவில்லை. மேடையில் வரைபடத்தை விரித்ததும் முதலில் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் யார் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று தேடுகிறேன். வகுப்பில் பிள்ளைகளிடமும் அப்படியே கேட்க ஆரம்பித்திருக்கிறேன். ‘சார், இது தேர்வுக்கு வருமா?’ என்கிறார்கள். வராது.

நவம்பரில் வாக்காளர் பட்டியல் திருத்தப் படிவம் வீடு வீடாக வந்தது. பழைய பட்டியலில் பேர் இருந்த விவரம் எழுத வேண்டும். அம்மாயிக்கு விஷயம் காதில் விழுந்ததுமே டிரங்குப் பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்துவிட்டாள். பாஸ்போர்ட், மண்டபம் முகாம் அட்டை, ரேஷன் கார்டு, தாத்தாவின் சாவுச் சான்றிதழ் என்று பாயில் ஒவ்வொன்றாக அடுக்கினாள். இதெல்லாம் வேண்டியதில்லை அம்மாயி என்றேன். “உனக்குத் தெரியாது, இரு” என்றாள்.

செல்போனில் பழைய பட்டியலைத் தள்ளித் தள்ளித் தேடினேன். கண் ஆபரேஷன் ஆன பிறகு அவளுக்குப் பார்வை தெளிவு, ஆனால் படிக்கத் தெரியாது. என் முகத்தையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தாள். தோட்டத்தில் பறித்த கொழுந்து எடை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் கூலி, சரியாக இருந்தால் முழுப்பேர். கணக்கப்பிள்ளை நோட்டில் எழுதும்போது அவன் பேனா எங்கே நிற்கிறது என்று பார்த்தே தெரிந்துகொள்வார்களாம். நாற்பத்தேழாம் பக்கத்தில் கிடைத்தது. தாத்தாவின் பேரில் ஒரு எழுத்து மாறியிருந்தது, அவள் பேர் சரியாக இருந்தது.

“விழுந்திருக்கா?” என்றாள்.

“விழுந்திருக்கு.”

“முழுப்பேரா?”

ஆமாம் என்றேன். எழுந்து அடுப்பில் சாயத்தண்ணி வைக்கப் போனாள். பாயில் அடுக்கியிருந்ததை உடனே எடுத்து வைக்கவில்லை. ராத்திரி படுக்கும்போதுதான் பாஸ்போர்ட்டைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். அதன் மேல் அந்தக் கூடைக் கயிறு.